இறங்கும்போது ஏலாத கால்

வோக்கரின் நான்கு கால்களில் ஒன்றுக்கு அடி ரப்பர் கழன்று போயிருந்தது. தூக்கி வைக்கும்போது மூன்று கால்கள் மெத்தென்று அமரும். நான்காவது மட்டும் டைல்ஸ் தரையில் 'டிக்' என்று குத்தும். அதன்பிறகு ஒரு பாதம் முன்னே வரும். மற்றது இழுபட்டு வந்து சேரும். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்ததிலிருந்து றேணுகாவுக்கு அந்தச் சத்தம் தன் மூச்சைப்போலப் பழகிவிட்டது. அதனால்தான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகிக்கொண்டு வந்த நேரத்தில் அது கேட்டபோது, தானே நடந்துகொண்டிருப்பதாக நினைத்தாள்.

ஆனால் அவள் கட்டிலில் கிடந்தாள். குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாய். தலைக்கு மேலே மின்விசிறி. கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னல் வெயில் அலுமினியத்தில் பட்டு மின்ன, வோக்கர் அசையாமல் நின்றது.

டிக்.

மேலே.

மேல்வீடு பூட்டிக் கிடந்தது. பத்மாவதி அக்காவின் செத்தவீடு முடிந்ததிலிருந்து அங்கே யாரும் இல்லை. கனடாவிலிருந்து வந்த மகன் ஜனா, கொட்டாஞ்சேனையில் மாமியார் வீட்டில் தங்கியிருந்தான். பின்னேரங்களில் மட்டும் வந்து தாயின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுப் போவான். இப்போது வெயில் உச்சியில் இருந்தது.

டிக். ஒரு பாதம். ஒரு இழுவை. மின்விசிறிக்கு நேர் மேலே வந்து நின்றது.

வெளிக்கதவு திறந்தது. மீன் வாசத்தோடு மகள் யதுஷா உள்ளே வந்தாள்.

"அம்மா, நித்திரை கொண்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நல்ல நித்திரை" என்றாள் றேணுகா.

பொய் சொல்லக் காரணம் இருந்தது. யதுஷாவின் லீவு முடியப்போகிறது. மெல்பேர்னில் அவளுக்கு வேலை, பிள்ளைகள், எல்லாம் காத்திருந்தன. வந்த கிழமையே அவள் நுகேகொடையில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "தனிய நடக்கவும் தனிய நித்திரை கொள்ளவும் ஏலுமெண்டா இங்கை இருங்கோ. ஏலாதெண்டா அங்கை விட்டிட்டுத்தான் நான் பிளேன் ஏறுவன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், தன் சம்பளத்தில் வாங்கிய இந்த ஃபிளாட்டை விட்டு, யாரோ மணியடித்துச் சோறு போடும் ஓர் இடத்தில் போய்க் கிடப்பதை றேணுகாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே, சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அந்த வோக்கர் பத்மாவதி அக்காவுடையது. அவளுக்கும் முழங்கால்தான். போன வருடம் மாற்றினாள். நோவுக்குப் பயந்து பயிற்சியே செய்யாமல் நோவெண்ணெய் பூசிக்கொண்டே கிடந்தாள். நாற்காலிக்கும் பாத்ரூமுக்கும் இடையிலேயே காலம் போயிற்று. லிப்ட் பழுது, படியிறங்கப் பயம். ஒரு மாடி இடைவெளியில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தொலைபேசியில்தான் கதைத்துக் கொள்வார்கள். ஒவ்வொரு நாளும் அவள் கதையை முடிக்கிற விதம் ஒன்றுதான்.

"நடக்கத் தொடங்கினா, முதல் உன்ரை வீட்டுக்குத்தான் வருவன் றேணு. வந்து உன்ரை கையாலை ஒரு பிளேன்ரீ குடிக்க வேணும்."

நடக்கத் தொடங்கவில்லை. நாற்காலியிலேயே போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று, அழுது வீங்கிய கண்களோடு ஜனா வோக்கரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். "அன்ரி, உங்களுக்கு ஒப்பரேஷன் எண்டு அம்மா சொன்னவ. இது சும்மாதானே கிடக்குது." முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியாமல் செத்த வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகக்கூடாது, யாரும் வாங்கவும் கூடாது. கனடாவில் வளர்ந்த ஜனாவுக்குத் தெரியாது. றேணுகாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். தாயை எரித்துவிட்டு நிற்கிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பிசியோதெரபி செய்ய ரிஸ்லா வந்தாள். மாளிகாவத்தையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண். வாய் ஓயாது.

"என்ன அன்ட்டி, முகம் இப்படி ஈக்குது? ராவைக்குத் தூங்கல்லயா?"

"தூங்கினனான்."

"எனக்கிட்டப் பொய், மகளுக்கிட்டயும் பொய். கால் மட்டும்தான் உண்மை பேசுது. மடக்குங்க. இன்னும். இன்னும். ஐயோ, இதுக்கே மூச்சு வாங்குனா எப்படி? நாளைக்கு நான் இல்லாட்டி யாரு உங்களத் திட்டுவாங்க?"

அன்று ரிஸ்லா அவளை அறைக்கு வெளியே கொண்டுவந்து, ஹோலைத் தாண்டி, பொதுத் தாழ்வாரம் முழுக்க நடத்தினாள். சுவரோரம் போய், திரும்பி, மறுபடி வரவேண்டும். திரும்பும்போது புதுக்காலை முறுக்கக்கூடாது. சின்னச் சின்ன அடியாக வைத்து வட்டமடிக்க வேண்டும்.

அன்றிரவு குளிசை போட்டும் நித்திரை வரவில்லை. முழங்காலுக்குள் யாரோ சூடான கம்பியை மெல்ல மெல்லத் திருகுவதுபோல ஒரு நோ. மரைன் டிரைவ் பக்கம் கடைசி ரயில் போனது. கடல் இரைந்தது. பக்கத்து அறையில் யதுஷாவின் குறட்டை சன்னமாகக் கேட்டது. அதற்கும் மேலே, இருட்டின் கூரையில், அது தொடங்கியது.

டிக்.

இந்தமுறை அறைக்குள் இல்லை. மேல்மாடித் தாழ்வாரத்தில். சுவரோரமாகப் போனது. நின்றது. பிறகு சின்னச் சின்ன அடிகள், நெருக்க நெருக்கமாக, ஒரு வட்டம்.

பகலில் ரிஸ்லா றேணுகாவுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதே பாடத்தை மேலே யாரோ செய்து பார்க்கிறார்கள்.

பிடித்துக்கொண்டு எழும்பலாம் என்று இடதுபக்கம் கையை நீட்டினாள். படுக்கும்போது அங்கேதான் வோக்கரை வைத்திருந்தாள். விரல்கள் இருட்டுக்குள் போயின. இன்னும் போயின. கை முழுவதும் நீண்டது.

வெறும் காற்று.

விடிந்து பார்த்தபோது வோக்கர் கட்டிலோடு ஒட்டி நின்றது. பிடியில் நோவெண்ணெய் பிசுபிசுத்தது. றேணுகா நோவெண்ணெய் பூசுவதில்லை. தையல் காயத்துக்குக் கிட்ட எண்ணெய் படவே கூடாது என்று ரிஸ்லா சொல்லியிருந்தாள்.

"பிள்ளை, நீ இரவு இதை எங்கையும் எடுத்தனியோ?"

யதுஷா தேத்தண்ணியோடு நின்று தாயை உற்றுப் பார்த்தாள். "இல்லையே. ஏன் அம்மா? என்ன நடந்தது?" அந்தப் பார்வைக்குள் நுகேகொடை இருந்தது.

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்."

அதன்பிறகு எல்லா இரவும் அப்படித்தான். பகலில் இவள் என்ன படித்தாளோ, இரவில் மேலே அது நடந்தது. இவள் தடுமாறிய இடத்தில் அதுவும் தடுமாறியது. ஆனால் அது இவளைவிடக் கெட்டிக்காரி. பயப்படவில்லை. களைக்கவில்லை. இழுவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

படியேறி இறங்கும் பாடம் கடைசியாக வந்தது. ரிஸ்லா வோக்கரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கையில் ஊன்றுகோலையும் மறு கையில் படிக்கட்டின் கைபிடியையும் பிடிக்கச் சொன்னாள்.

"ஒரு கணக்குத்தான் அன்ட்டி, மறக்கவே வேணாம். ஏறக்குள்ள நல்ல கால் முதல்ல. எறங்கக்குள்ள ஏலாத கால் முதல்ல. மாத்தி வெச்சீங்கண்டா நான் ஸ்கூட்டர்ல இல்ல, அம்புலன்ஸ்லதான் வரணும்."

யதுஷா சிரித்தாள். றேணுகா சிரிக்கவில்லை. அவள் மேலே போகும் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வளைவுக்கு அப்பால் இருட்டாக இருந்தது. யாரோ கவனமாகக் கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் அமைதி.

அன்று பின்னேரம் விளக்கேற்ற வந்த ஜனா, போகும் வழியில் எட்டிப் பார்த்தான். அந்தியேட்டிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. "முகத்துவாரத்திலைதான் அன்ரி செய்யிறம். ஐயர் தானத்துக்குச் சாமான் சொல்லி விட்டிருக்கிறார். குடை, செருப்பு, தடி. போற வழிக்கு அம்மாவுக்குத் தேவையாம்."

றேணுகாவுக்குச் சட்டென்று விளங்கியது. நடந்து போவதற்கு அக்காவிடம் ஒன்றும் இல்லை. இருந்ததை இவள் வாங்கி வைத்திருக்கிறாள். அதுதான். வேறென்ன?

"தடி வாங்காதை தம்பி. இந்த வோக்கரைக் கொண்டுபோய்க் குடு."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு இனித் தடி போதும். நீ இப்பவே கொண்டு போ. இப்பவே."

செருப்பையும் அவளே வாங்கிக் கொடுத்தாள். யதுஷாவைக் காலி வீதிக்கு அனுப்பி, அகலமான வார் வைத்த மரூன் நிறச் செருப்பு ஒன்றை எடுப்பித்தாள். பத்மாவதி அக்காவின் கால்கள் எப்போதும் வீங்கியிருக்கும். ஒடுக்கமான செருப்பு அவளுக்குக் கடிக்கும். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல் ஜனாவின் பையில் வைத்துவிட்டு, "அக்கா, இனிப் போங்கோ" என்று மனதுக்குள் சொன்னாள்.

களனி ஆறு கடலில் விழுகிற இடத்தில் சடங்கு முடிந்தது. குடை, செருப்பு, வோக்கர் எல்லாவற்றையும் ஐயர் வாங்கிக்கொண்டு போனதை ஜனாவே வந்து சொன்னான். மேல்வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, மறுநாளே கனடாவுக்குப் பறந்தான்.

அன்றிரவு சத்தம் இல்லை. அடுத்த இரவும் இல்லை. றேணுகா நித்திரை கொண்டாள். அடித்துப் போட்டாற்போல, கனவுகூட இல்லாமல், விடிந்து காகம் கத்தும்வரை கொண்டாள். முகம் தெளிந்தது. ஊன்றுகோலோடு ஒழுங்கை முனைவரை நடந்து, தானே பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்தாள். ரிஸ்லா கைதட்டினாள்.

"இனி நான் எதுக்கு அன்ட்டி? உங்களக் கண்டா எனக்கே பயமா ஈக்குது!"

யதுஷா தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நுகேகொடைப் பேச்சு அதோடு முடிந்தது. அன்று மாலையே பெட்டியை இழுத்துக்கொண்டு விமான நிலையம் போனாள்.

முதல்முறையாக வீடு முழுவதும் தனக்கே தனக்காக இருந்தது. றேணுகா கதவைப் பூட்டி, சங்கிலி போட்டு, ஊன்றுகோலைத் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. கைபேசி ஒளிர்ந்தது. *அம்மா, விமானம் ஏறப் போறன். நித்திரையோ?* அவள் சிரித்துக்கொண்டே விரலால் தட்டினாள். *ஓம். நல்ல நித்திரை.* வெளிச்சத்தை அணைத்தாள்.

மழைச் சத்தம். மின்விசிறிச் சத்தம். கீழ்மாடித் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டுகிறார்கள். இமைகள் கனத்துக்கொண்டு வந்தன.

மேலே ஒரு கதவு திறந்தது.

றேணுகா காத்திருந்தாள். 'டிக்' சத்தத்துக்காக. அது வரவில்லை. அது வராது, வோக்கர்தான் போய்விட்டதே. அந்த நினைப்பு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. ஒரே ஒரு கணம்.

பாதங்கள் நடந்தன. வெறும் பாதங்கள் இல்லை. புதுச் செருப்பு, ஈரத்தில், சப்... சப்... என்று. இழுவை இல்லை. தடுமாற்றம் இல்லை. மேல்மாடித் தாழ்வாரம் முழுக்க வந்து, படிக்கட்டின் தலையில் நின்றது.

வோக்கர் இல்லாமல் போனதால் அல்ல அந்த அமைதி. வோக்கர் இனித் தேவைப்படவில்லை.

முதற்படி. ஏலாத கால், கனமாக, முதலில். பிறகு நல்ல கால்.

இரண்டாவது படி. ஏலாத கால். நல்ல கால்.

ஒரு தடவைகூட மாற்றி வைக்கவில்லை.

முதல் உன்ரை வீட்டுக்குத்தான் வருவன் றேணு.

கத்த வேண்டும். யாரைக் கூப்பிட்டு? நல்ல நித்திரை என்று எழுதியாகிவிட்டது. யதுஷா இப்போது முகிலுக்கு மேலே. றேணுகா எழும்பப் பார்த்தாள். புது முழங்கால் மடங்கவில்லை. கல்லைப்போலக் கிடந்தது. இவ்வளவு நாளும் படித்தது எதுவும் அதற்கு ஞாபகம் இல்லை.

படி முடிந்தது. தாழ்வாரம். வாசல்.

மணி அடிக்கவில்லை. சங்கிலி அசையவில்லை.

சப்... சப்... கதவுக்கு இந்தப் பக்கம்.

ஹோல்.

அறை வாசல்.

செருப்பைக் கழற்றும் சத்தம். ஒன்று. பிறகு மற்றது.

றேணுகாவின் கை எப்படியோ சுவிட்சைக் கண்டுபிடித்தது. வெளிச்சம் கொட்டியது. அறையில் யாரும் இல்லை. வாசற்படியில், விருந்துக்கு வந்தவர்கள் கழற்றி வைப்பதுபோலச் சோடி சேர்த்து, ஒழுங்காக, மரூன் நிறச் செருப்பு இருந்தது. விலைச்சீட்டு வாரில் தொங்கியது. அடியில் ஆற்றுவாய் மணல் ஈரமாக ஒட்டியிருந்தது.

நோவெண்ணெய் வாசம் அறையை நிறைத்தது.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை அமிழ்ந்தது. மெதுவாக. முழங்காலை மடக்கி உட்காரத் தெரிந்த ஒருத்தி, நோகாமல் உட்காருவது போல. பிறகு குளிர்ந்த, எண்ணெய்ப் பிசுக்குள்ள ஓர் உள்ளங்கை றேணுகாவின் புது முழங்காலில் வந்து படிந்து, தையல் வடுவின் மேல் முனையிலிருந்து கீழ்முனைவரை, ஒரு விரலால், தடவிப் பார்த்தது.