சாம்பல் பாதையில் பவானியின் டயர்

"யாரோ என் வண்டிய எடுத்துக்கினு போயி, திரும்பக் கொண்டாந்து அதே எடத்துல உட்டுக்கீறாங்க சார். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. எப்டி எடுத்தாங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

ராயபுரத்தில் ஒரு பிஸ்கட் மொத்தக் கடையின் மாடியறையில் உட்கார்ந்து பவானி இப்படி ஆரம்பித்தபோது, எழில்மொழிக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அந்த அறை வேதமாணிக்கத்தினுடையது. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்சுக்கு அறிக்கை கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போலீஸ் ஸ்டேஷன் படியேறத் தயங்குகிறவர்கள் இப்போது இவருடைய மாடிப்படி ஏறினார்கள். எழில்மொழி அவருடைய உதவியாளர், வியாசர்பாடிக்காரி. எந்த விவகாரமானாலும் வந்தவர் காபி குடித்து முடிப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். பிடித்தது தப்பான ஆள் என்பது பிறகுதான் தெரியும். அதற்காக அவள் ஒருநாளும் சோர்ந்தது கிடையாது.

பவானி சொன்ன கதை இது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள் அவள். இப்போது எர்ணாவூரில் குடியிருக்கிறாள். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து, தானே ஓட்டி, குப்பத்து மீனை ஏற்றிக்கொண்டு காசிமேட்டுக்குப் போகிறாள். போன செவ்வாய் இரவு அவளுடைய தாய்மாமன் கோதண்டத்தின் ஃபைபர் படகில் மாட்டியிருந்த எஞ்சின் களவு போய்விட்டது. கோதண்டம்தான் ஊர்த் தலைவரும். விடிந்து பார்த்தால், குப்பத்துக்குப் பின்னால் போகும் சாம்பல் பாதையில் பவானி வண்டியின் டயர் தடம். அன்றிரவு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அது அவளுடைய தடம்தானா என்று வேதமாணிக்கம் கேட்டார்.

"என்துதான் சார். அந்த டயரு ஊர்லயே என் வண்டிக்கு மட்டுந்தான் கீது. அதுல ஒண்ணுல, மேல கட்ட கட்டயா கீற பட்டன்ல ஒண்ணு அறுந்து பூட்ச்சு. கன்டெய்னர் லாரிலேந்து வுயுந்த இரும்பு கிழிச்சது. தடத்துல அந்த ஓட்ட கூட அப்டியே கீது. நானே பாத்தேன். அதான் பயமா கீது."

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். திருடி என்று முடிவானால் இனி எந்தப் படகும் அவள் வண்டிக்கு மீன் போடாது, கரையில் அவள் கால் வைக்க முடியாது. குப்பத்தில் இருக்கும் அவளுடைய அம்மாவின் வீட்டுக்குப் போவதும் அதோடு நின்றுவிடும்.

"டூப்ளிகேட் சாவி சார்" என்றாள் எழில்மொழி. காபி இன்னும் வந்திருக்கவில்லை.

வேதமாணிக்கம் அதைக் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அந்த டயரை ஏன் வாங்கினாய் என்று பவானியிடம் கேட்டார். திருட்டைப் பற்றிக் கேட்டபோது தயங்கித் தயங்கிப் பேசியவள், டயர் என்றதும் மடை திறந்தாள்.

பழைய டயரோடு மணலில் இறங்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். நாலு பேர் வந்து தள்ள வேண்டும். அதனால் வண்டிக்காரர்கள் எல்லோரும் மேட்டுச் சாலையிலேயே நின்றுவிடுவார்கள். பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து வந்து ஏற்றுவார்கள். திருவொற்றியூர் டயர் கடை பஷீர் பாய்தான் அவளுக்கு யோசனை சொன்னார். சேற்றுக்கென்றே செய்த டயர் தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும், ரோட்டு டயர் மணலில் புதையும், இரண்டுக்கும் நடுவே ஆல் டெரெய்ன் என்று ஒன்று இருக்கிறது என்று. கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர். மாட்டிய புதிதில் பவானி அவரைத் திட்டாத நாளில்லை. டீசல் கூடக் குடித்தது. ஸ்டீயரிங் கனத்தது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரே ரீங்காரம். பட்டன்களுக்கு நடுவே சிக்கிய கற்களைச் சாயங்காலமானால் ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுக்க வேண்டும். ஆனால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மணலில் விட்டால், வண்டி நேராகப் படகின் பக்கத்திலேயே போய் நின்றது. கூடை சுமந்த பெண்கள் அவளை வாழ்த்தினார்கள். மேட்டில் லோடு ஆட்டோவோடு நின்றிருந்த ரவிக்குமாருக்குத்தான் கிராக்கி குறைந்துபோனது.

"சத்தம் ரொம்ப ஆனதும் பொங்கலுக்கு முன்னாடி பஷீர் பாயாண்ட போனேன். பின்னாடி ரெண்டும் ஒருபக்கமா தேஞ்சுகீதுன்னு சொல்லி, அத்த முன்னாடி மாட்டி, முன்னாடி இருந்தத பின்னாடி போட்டாரு."

"பட்டன் அறுந்த டயர்?"

"அது பின்னாடி இருந்துச்சு. இப்ப முன்னாடி கீது."

பஷீரிடம் அன்று சாவி இருந்திருக்கும் என்பது எழில்மொழிக்குப் பளிச்சென்று பட்டது. வேதமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மழை கடைசியாக எப்போது பெய்தது என்று கேட்டார். மார்கழி முதல் வாரம் கொட்டியதோடு சரி, அப்புறம் ஒரு தூறல்கூட இல்லை என்றாள் பவானி. கேள்விக்கும் களவுக்கும் என்ன சம்பந்தம் என்று எழில்மொழிக்குப் புரியவில்லை. தனக்குப் புரியாத கேள்வி என்றால் அவர் மோப்பம் பிடித்துவிட்டார் என்று அர்த்தம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் பவானியின் வண்டியிலேயே குப்பத்துக்குப் போனார்கள். திருவொற்றியூர் தாண்டியதும் டயர் ரீங்கரிக்க ஆரம்பித்தது. எழில்மொழி சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. குப்பத்துக்குள் திரும்பி வேகம் தணிந்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது.

அன்று கடலுக்குப் போனவர்கள் திரும்பி, மீன் போய், ஐஸ் பெட்டிகளைக் கழுவி வாசலில் வெயிலுக்கு வாய் பிளந்து காய வைத்திருந்தார்கள். மூடி வைத்தால் பெட்டி நாறிவிடும், மறுநாள் மீனைக் கெடுத்துவிடும். ஊர்க்கோடியில் ரவிக்குமார் வீட்டு லோடு ஆட்டோவில் இருந்த பெட்டிக்கு மட்டும் மூடி போட்டுக் கயிறு கட்டியிருந்தது. வண்டி ரிப்பேர், பொங்கலிலிருந்து சவாரியே இல்லை என்று ரவிக்குமார் தானாகவே சொன்னான்.

சாம்பல் பாதை அவன் வீட்டை ஒட்டித்தான் போனது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் எப்போதோ கரைந்து வந்து படிந்த இடம். குப்பத்துச் சனம் கடல் பக்கமாகவே நடப்பார்கள். இந்த வழியில் வருவது இரண்டே வண்டி, ஒன்று ரவிக்குமாருடையது, இன்னொன்று எப்போதாவது வரும் பவானியுடையது. பாதை நெடுகக் காற்று அடித்துப் போட்ட மணலும் கருவேலச் சருகும் கிடந்தன. தடம் தெரிந்த இடம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. பட்டன் பட்டனாக, விளிம்பு உதிராமல், அச்சில் வார்த்ததுபோல் பதிந்திருந்தது தடம். அறுந்த பட்டன் இருந்த இடம் மட்டும் பதியாமல், சுற்றுக்கு ஒருமுறை தெளிவாகத் தெரிந்தது. வேதமாணிக்கம் குந்தி உட்கார்ந்து வீட்டுச் சாவியால் அதைத் தட்டினார். டக் டக் என்றது.

எழில்மொழி போட்டோ எடுத்தாள். பஷீர்மேல் இருந்த சந்தேகம் இப்போது அவளுக்கே கொஞ்சம் ஆறிப்போயிருந்தது.

செவ்வாய் இரவு என்ன கேட்டது என்று ரவிக்குமாரிடம் விசாரித்தார்கள். அவன் அதை ஊருக்கே சொல்லி, விடிந்ததும் எல்லோரையும் கூட்டிவந்து தடத்தையும் காட்டியிருந்தான். "நான் படுத்துகினு இருந்தேன் சார். வண்டி இஞ்சின் சத்தம் எதுவும் சரியா கேக்கல. ஆனா அந்த டயரு கீதே, வூங்குனு ஒரு ஊள. அது யாருக்கும் தெரியும். என் வூட்டாண்டதான் போச்சு."

சாயங்காலம் ஊர் கூடியது. கோதண்டம் பாயில் உட்கார்ந்திருந்தார். பவானி ஓரமாக நின்றாள். அவளோடு யாரும் பேசவில்லை. எல்லோரும் எழுந்து சாம்பல் பாதைக்கு வர வேண்டும் என்று வேதமாணிக்கம் கேட்டுக்கொண்டார். முணுமுணுப்போடு வந்தார்கள்.

"ஒரு சின்ன சோதனை. எல்லாரும் பாதைக்கு முதுகு காட்டி நில்லுங்க. பவானி, உன் வண்டிய இந்தத் தடத்துக்குப் பக்கத்துல ஓட்டிட்டு வாம்மா."

வண்டி குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. அதற்குமேல் வேகமாக அந்தப் பாதையில் யாராலும் ஓட்ட முடியாது. டயர் சத்தம் யாருக்காவது கேட்டதா என்று அவர் கேட்டார். இஞ்சின் சத்தம்தான் கேட்டது என்றார்கள். டயரின் ஊளை ஒருவர் காதிலும் விழவில்லை.

"அந்த ரீங்காரம் தார் ரோட்டுல, வேகத்துலதான் வரும். இங்க வராது. வராத சத்தத்தை ரவிக்குமார் எப்படிக் கேட்டார்னு அப்புறம் பார்க்கலாம். இப்ப திரும்பிக் கீழே பாருங்க."

திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு கனத்த வண்டி இப்போதுதான் போன இடத்தில், சாம்பல்மேல் லேசான கீறல் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் பழைய தடம் விரல் ஆழத்துக்குப் பதிந்து கிடந்தது.

எழில்மொழிக்கு அப்போதுதான் உறைத்தது. வேதமாணிக்கம் மெதுவாக விளக்கினார். கடற்கரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணலில் தடம் தெளிவாக இருந்தால் அது இன்றைக்குப் பதிந்தது. நேற்றைய தடத்தை அலையும் காற்றும் வைக்காது. பிறந்ததிலிருந்து பார்த்து வருவதால் அதில் அவர்களுக்குச் சந்தேகமே வராது. பவானிக்கும் வரவில்லை, அதனால்தான் யாரோ தன் வண்டியை எடுத்தார்கள் என்று அவளே நம்பினாள். ஆனால் இது மணல் இல்லை. சாம்பல் மழையில் குழையும். காய்ந்தால் சிமெண்டாக இறுகும். இந்தத் தடம் மார்கழி மழையில் பதிந்தது.

பவானி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மழைல மோட்டு ரோடு முழுகிப்போச்சுன்னு இந்தப் பக்கமா ஐஸ் எட்த்தாந்தேன். அம்மாவுக்குக் கூட தெரியும். மறந்தே பூட்டேன் சார்."

கோதண்டம் லேசில் விடுகிற ஆள் இல்லை. கழிமுகத் தண்ணீர் அன்றிரவு ஏறி வந்து பாதையை நனைத்திருக்கலாமே என்றார்.

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் டயரே பதில் சொல்லுது. நேராப் போற வண்டியில, முன் சக்கரம் போட்ட தடத்து மேலேயே பின் சக்கரம் ஏறி மிதிக்கும். கடைசியா நிக்கிறது பின் டயரோட அச்சு. இதுல மேலாகத் தெரியறது பட்டன் அறுந்த டயரோட அச்சு. அப்படின்னா அந்த டயர் அப்போ பின்னால இருந்தது. பொங்கலுக்கு முன்னாடியே அது முன் பக்கம் போயிடுச்சு. இப்பவும் அங்கதான் இருக்கு, வந்து பாருங்க. எஞ்சின் போனது பொங்கலுக்குப் பிறகு."

கோதண்டம் குனிந்து வண்டியின் முன் டயரைத் தடவிப் பார்த்தார். எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆக, அன்றிரவு பவானியின் வண்டி வந்ததற்கு இந்தத் தடம் சாட்சி இல்லை என்றார் வேதமாணிக்கம். எஞ்சினைக் கொண்டுபோக வண்டியே தேவையில்லை. எஞ்சினை இரண்டு பேர் தூக்கிவிடலாம், பழகினவன் என்றால் ஒருவனே தோளில் போட்டுக்கொள்வான். ஊரெல்லாம் அடையாளம் தெரிந்த எஞ்சினை உடனே விற்கவும் முடியாது. பழைய தடம் இங்கே இருப்பது தினமும் இந்த வழியில் போகிறவனுக்குத்தான் தெரியும். அதன்மேல் கிடந்த மணலைப் பெருக்கி, ஊரைக் கூட்டிவந்து காட்டியதும் அவன்தான்.

"ரவிக்குமார், சவாரியே இல்லைன்னு சொன்னீங்க. காலிப் பெட்டிய ஏன் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க?"

யாரோ கயிற்றை அறுத்தார்கள். கிழிந்த வலையில் சுற்றியபடி எஞ்சின் பெட்டிக்குள் கிடந்தது.

ரவிக்குமார் ஓடவில்லை. "அவ வண்டி மணல்ல எறங்குனதுலேந்து என்னிய ஒருத்தனும் கூப்புடல" என்றான். "அவ வராம இருந்தா போதும்னு நெனச்சேன். எஞ்சின திருப்பிக் குடுத்துருப்பேன் தலைவரே." அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம் என்று எழில்மொழிக்குத் தோன்றியது. அவன்மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. அவனை என்ன செய்வதென்று ஊர் இரைச்சலாகப் பேச ஆரம்பித்தது.

கோதண்டம் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் பவானியிடம் வந்தார்.

"தடத்த பாத்து ஏமாந்துட்டேன் கண்ணு."

"தடத்த குனிஞ்சி குனிஞ்சி பாத்த மாமா" என்றாள் பவானி. "என் மூஞ்சிய ஒரு தபா நிமிந்து பாக்கலியே."

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வேதமாணிக்கமும் எழில்மொழியும் மறுபக்கமாக ஏறிக்கொண்டார்கள். கோதண்டம் ஜன்னலைப் பிடித்தபடி, நாளைக்குக் காலையில் மீன் ஏற்ற வருவாயா என்று மெல்லக் கேட்டார்.

"வருவேன் தலைவரே" என்றாள் பவானி. "அது பொழப்பு."

கோதண்டம் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.