மேஸ்திரிக்குச் சொன்ன சாக்கு

புதிதாகக் கட்டிய சுவருக்குத் தாகம் அதிகம். வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும்.

"செவுரு பச்சப்புள்ள மாதிரி. நேரம் தவறாம குடிக்கணும்" என்பார் மேஸ்திரி.

அந்தப் பச்சைப்பிள்ளைக்குத் தண்ணீர் காட்டுவது கரண்டியின் அம்மா. மாடி வீடுகள் எழும்பும் அந்த இடத்தில் அவள் சித்தாள். அப்பா பூச்சு வேலைக்காரர். குழந்தையாக இருந்தபோது அப்பாவின் பூச்சுக் கரண்டியைக் கட்டிக்கொண்டு தூங்கியதால் மகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் மூவரும் குடியிருந்தார்கள்.

அம்மா ஹோஸைப் பிடித்தால் தெருவே வேலிக்கு வெளியே வந்து நிற்கும். கையில் வெறும் குடம். இங்கே ஆழமாகப் போர் போட்ட பிறகு தெருவிலிருந்த அடிபம்பில் காற்றுதான் வந்தது.

"செங்கல்லுக்குக் குடுத்து வச்சிருக்கு. நமக்கு இல்ல" என்று யாரோ ஒருத்தி சொன்னாள்.

அம்மா காதில் விழாததுபோல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தெருவுக்குத் தண்ணீர் தரக்கூடாது என்பது இன்ஜினியர் உத்தரவு. "ஒருத்தருக்குக் குடுத்தா ஊரே வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாட்ச்மேன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வேலியை ஒட்டியிருந்தது பால்காரம்மாவின் வீடு. அவர் மகளைப் பூனைக்கண்ணு என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் கரண்டிக்கு இருந்த ஒரே தோழி அவள்தான். போன வாரத்திலிருந்து அவளும் பேசுவதில்லை.

பள்ளி விட்டதும் கரண்டி ஓடிப்போய் அவள் வீட்டு மாட்டுக்கொட்டகை வாசலில் மறித்தாள்.

"ஏன்டி, நான் என்ன பண்ணேன்? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே திரியிற?"

பூனைக்கண்ணு வைக்கோலை உதறினாள். "ஞாயித்துக்கிழமை வியாபாரி வர்றாரு. மாட்டையும் கன்னுக்குட்டியையும் ஓட்டிட்டுப் போகப் போறாரு."

"வித்துட்டீங்களா?"

"தண்ணி இல்லாம எப்படி வச்சிக்கிறது? உங்க செவுரு ஒரு நாளைக்குக் குடிக்கிறத இதுங்களுக்கு ஊத்தினா ஒரு வாரம் குடிக்கும்."

மாடு காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. கன்றுக்குட்டி தாயின் காலுக்கிடையில் நின்று பார்த்தது.

"அது எங்க செவுரு இல்லடி. தண்ணி ஊத்தலைன்னா அம்மாவ வேலைய விட்டு நிறுத்திடுவாங்க. மேஸ்திரி வேற..."

"சாக்கு சொல்லாத! போ!"

கரண்டி போய்விட்டாள். சொன்னது பொய்யில்லை. ஆனாலும் தோழி சொன்னது சுட்டது.

அன்று மாலை அவள் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹோஸிலிருந்து பாய்ந்த தண்ணீர் சுவரில் மோதியது. கொஞ்சம்தான் உள்ளே போனது. மிச்சமெல்லாம் வழிந்து மணலில் ஓடியது. சற்று நேரத்தில் வெயில் பட்ட இடம் வெளுத்துவிட்டது.

"அம்மா, செவுரு பாதிகூடக் குடிக்கல. துப்பிடுது."

"அதுக்கு நான் என்ன ஸ்பூன்லயா ஊட்ட முடியும்?"

முன்பு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா ஈரத்துணியை நெற்றியில் போட்டது அவளுக்கு நினைவு வந்தது. அது நெடுநேரம் காயாமல் கிடந்தது. கரண்டிக்குப் பொறி தட்டியது. காலி சிமெண்ட் பைகளை இழுத்துவந்து சுவர்மேல் வரிசையாகத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அத்தனையும் பிளாஸ்டிக். ஒரு சொட்டு ஊறவில்லை. சரசரவென்று வழிந்து அவள் பாவாடையைத்தான் நனைத்தது.

"சுவருக்கு மழைக்கோட்டா? குடை ஒண்ணும் வாங்கிக் குடு!" என்று வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கரண்டி முகம் சிவந்து கொட்டகைக்குள் போய்ப் படுத்தாள். படுத்தும் தோழியின் குரல்தான் காதில் கேட்டது. சாக்கு சொல்லாத, சாக்கு சொல்லாத...

சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். சாக்கு! பால்காரம்மா வீட்டுக்குப் புண்ணாக்கும் தவிடும் சணல் சாக்கில்தானே வருகின்றன? மாட்டுக்கொட்டகை மூலையில் காலிச் சாக்குகள் குவிந்து கிடந்தனவே!

விடிந்ததும் வேலியோரம் போய் நின்றாள். பூனைக்கண்ணு எரிந்து விழுந்தாள்.

"சாக்கு எதுக்கு? மாடே போகப்போகுது, சாக்கையும் எடுத்துக்கிட்டுப் போறியா?"

"தண்ணி மிச்சமாகும்டி. மிச்சமானா கேக்கலாம். கிடைக்குமான்னு தெரியாது. கேட்டுப் பாக்குறேன்."

பூனைக்கண்ணு சாக்குகளை வேலிக்கு மேலே ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டாள். கடைசிச் சாக்கு கரண்டியின் தலையில் விழுந்தது. வேண்டுமென்றுதான் போட்டிருப்பாள்.

அம்மா முதலில் பயந்தாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் கூடச் சேர்ந்து சாக்குகளை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டாள்.

மேஸ்திரி வந்தார். ஹோஸ் சுருண்டு கிடந்தது.

"ஏம்மா, இன்னும் தண்ணி காட்டலையா? என்ன சாக்கு சொல்லப் போற?"

"ஒரு சாக்கு இல்ல மாமா, பதினாலு சாக்கு" என்றாள் கரண்டி.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "மத்தியானம் பாக்குறேன். காஞ்சிருந்தா உன்னைத் தொங்க விடுவேன்" என்றார்.

மத்தியானம் சாக்கைத் தூக்கிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை ஈரமாக இருந்தது.

"நாங்களும் ஒரு காலத்துல இப்படித்தான் பண்ணுவோம். மோட்டாரு வந்ததும் சோம்பேறி ஆயிட்டோம்." அவர் போர்க் குழாயைப் பார்த்தார். "இதுவும் இப்பல்லாம் பாதி நேரம் காத்துதான் இழுக்குது. வேலை முடியிறதுக்குள்ள இது வத்திடுமோன்னு எனக்கே பயமா இருக்கு."

"மிச்சமான தண்ணிய என்ன பண்ணுவீங்க மாமா?"

"நீ எங்க வர்றேன்னு தெரியுது."

"சாக்கு அவங்களோடது. வாடகை குடுக்கணும்ல?"

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இன்ஜினியர் கேட்டா நான் பேசிக்கிறேன். தினம் ஒரு ட்ரம் வாசலுக்கு வெளிய வை. அதுக்கு மேல என்கிட்ட கேக்காத. என்னால ஆகாது."

நீல ட்ரம் வெளியே வந்தது. வாட்ச்மேனே முணுமுணுத்துக்கொண்டு உருட்டினார். வீட்டுக்கு ஒரு குடம். மிச்சத்தில் பால்காரம்மாவுக்கு இரண்டு வாளி.

மாடு இரண்டு வாளியையும் ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னும் கேட்டது. ஒரு பால்மாட்டுக்கு அது வாய் நனைக்கக்கூடப் போதாது. அது கரண்டிக்குத் தெரிந்தது. பூனைக்கண்ணுக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வந்துவிட்டார். பால்காரம்மா மாட்டின் கயிற்றைக் கொடுத்தார். கன்றின் கயிற்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது சின்னது. ரெண்டு வாளி இதுக்குத் தாராளம். இப்பதான் புல்லு கடிக்குது, பொழச்சிக்கும்."

"ரெண்டுக்கும் சேத்துதானேம்மா பேசினோம்?" என்றார் வியாபாரி.

"அப்ப தண்ணி இல்ல. இப்ப இதுக்கு இருக்கு."

வியாபாரி கன்றுக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு மாட்டை மட்டும் ஓட்டிப் போனார். மாடு தெருமுனையில் ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பால்காரம்மா வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். சும்மா கிடந்த பாத்திரங்களை எதற்கு உருட்டுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

கன்று பொழுதெல்லாம் கத்தியது. சாயங்காலம் வாளியை வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூனைக்கண்ணு வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டியும் போய் உட்கார்ந்தாள்.

பிறகு கரண்டி தன் விரல்களைத் தண்ணீரில் நனைத்துக் கன்றின் வாயில் வைத்தாள். அது சப்பியது. விரலை மெல்ல மெல்ல வாளிக்குள் இறக்கினாள். மூக்கு தண்ணீரில் பட்டதும் கன்று துள்ளி விலகி, இருவர் மேலும் தும்மியது.

பூனைக்கண்ணு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று தெரியவில்லை.

"விரல எடுக்காதடி. இன்னொரு தடவை வை" என்றாள்.

மறுபடி வைத்தாள். இந்தத் தடவை கன்று விரலை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்தது. வாளி காலியாகும்வரை தலையை எடுக்கவே இல்லை.