பூஜ்யம் கூட்டல் ஒன்று

எந்த வரிசையில் செய்தோம் என்பது இப்போது அவளுக்கே சரியாக நினைவில்லை. கடைசியிலிருந்துதான் தொடங்கினேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்வாள். அடுத்த கணமே அது ஆட்டம் கண்டுவிடும்.

பெரிய முதலாளி இறந்த மறுவாரம் அது. ஆலை ஊழியர்களின் அடையாள அட்டைப் படங்கள் எண் வரிசையில் அவளுடைய கணினியில் இருந்தன. பேக்கிங் பிரிவில் இருக்கும் கணவனின் படமும் அதில் உண்டு. அவளுடையது இல்லை, தற்காலிக ஊழியருக்கு அட்டை கிடையாது.

"அப்பாதான் ஒண்ணாம் நம்பரா இருக்கணும்மா. நான் உட்பட எல்லாரும் ஒரு நம்பர் தள்ளிக்கிறோம். முடிச்சுக் குடுங்க, உங்களை பெர்மனன்ட் ஆக்கிடறேன்" என்றார் சின்ன முதலாளி.

அவர் தந்த படத்தில் கிழவர் படுத்திருந்தார். தாடையைத் தாங்கி, உச்சந்தலையில் முடிச்சிட்ட வெள்ளைத் துணி.

"வேற படம் இல்லையா சார்?"

"கேமராவைக் கண்டாலே ஓடுவாரு. இப்பதான் மாட்டினாரு."

சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் அவள் சிரித்து வைத்தாள்.

அந்தப் படத்துக்குப் பூஜ்யம் என்று எண் கொடுத்தாள். பெயருக்குள் இருக்கும் எண்ணைக் கண்டுபிடி, ஒன்று கூட்டு, படத்தைப் புது எண்ணில் நகலெடு, கட்டளை அவ்வளவுதான். புது எண்ணில் ஏற்கெனவே இருக்கும் படம் அழிந்துவிடும் என்பதால் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். முதலிலிருந்து தொடங்கினால் பூஜ்யம் ஒன்றை அழிக்கும், அந்த ஒன்று இரண்டை அழிக்கும், கடைசிவரை கிழவர் மட்டுமே மிஞ்சுவார்.

போன் அடித்தது. கணவன்.

"கேட்ல நிக்கிறேன். வர்றியா, இல்ல அங்கயே குடித்தனமா?"

"தோ, வந்துட்டேங்க."

பேசிக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டாள்.

வேலை முடிந்து கலையும் மாலை நேரத்தில் எப்போதும் பேச்சும் சிரிப்புமாக இரையும், கேட்டுக்குப் போகும் நீண்ட நடைபாதையில், அன்று அட்டை தேய்க்கும் இயந்திரத்தின் கூவல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. எண்ணெய் வாடைக்கு நடுவே ஆஸ்பத்திரி மருந்தின் நெடி மெல்ல ஏறியது. வரிசையில் எல்லாருடைய முதுகும் தெரிந்தது. வாயால் இழுக்கும் மூச்சு மட்டும்.

காவலாளி திரும்பினார்.

மூடிய இமைகள். மெழுகு நிறம். கிழவரின் முகம்.

அடுத்தவர் திரும்பினார். அதே முகம்.

அவள் ஓடினாள். கேட்டில் கணவனின் பைக். அவனுடைய சட்டை. அவனுடைய கை. தலையில் ஹெல்மெட்; வார் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஏன் இவ்ளோ நேரம்?" பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது குரல்.

"கழட்டாதீங்க."

கழற்றினான். தாடை நெஞ்சில் தொங்கியது.

ஆலை ஒருநாளும் நிற்கவில்லை. சின்ன முதலாளி உட்பட எல்லாரும் அந்த முகத்தோடு வேலைக்கு வருகிறார்கள். அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள், அட்டைக்குப் படம் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. தினமும் காலையில் கணவனின் தாடையைத் தூக்கி, துணியைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சிட்டு, அவள்தான் வேலைக்கு அனுப்புகிறாள்.