பிறைக்கு இடமில்லாத தகடு

காலை ஆறரைக்கு வெட்டுக்கூடத்துக்குள் நுழைந்ததும் கஸ்தூரி முதலில் பார்ப்பது சுவரிலுள்ள பெரிய திரையைத்தான். அன்றைக்கு வெட்டப்போகும் தகடுகளின் படம் அதில் இருக்கும். எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்றில் கீல், அடுப்புத் தட்டு, பம்பு மூடி, வாளிப் பிடி என்று எழுபது எண்பது உருப்படிகள் ஒன்றின் இடுக்கில் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வீட்டு எண். அவள் தேடும் எண் 317. அன்றும் அது இல்லை.

கையுறையை மாட்டிக்கொண்டு லேசர் வெட்டியின் அருகே போய் நின்றாள். வெட்டி விழும் துண்டுகளை எடுத்து வீட்டு எண்படி அடுக்குவதும், கடைசியில் மிஞ்சும் கம்பி போன்ற எச்சத்தை நிறுப்பதும் அவள் வேலை. முதல் தகட்டில் மிச்சம் இரண்டு விழுக்காட்டைத் தாண்டவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. மூன்றைத் தாண்டும் என்றால் தகடு இயந்திரத்தில் ஏறவே ஏறாது.

இரும்புச் சுரங்கங்கள் அவள் பிறப்பதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. பழைய கார்களையும் கப்பல்களையும் உருக்கித்தான் தகடு வந்தது. அந்த உலைக்கும் ஆண்டுக்கு இருபது நாள் மின்சாரம்தான். எச்சத்தைத் திரும்ப உருக்க வழியில்லை. அதனால் தகட்டில் எது எதன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதை வடிவடுக்கி என்ற மென்பொருள் முடிவு செய்தது. வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். வேண்டியதை வரைந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் இடம் கிடைத்துவிடும். 317ஆம் வீடு பதினான்கு மாதமாகக் காத்திருந்தது.

அந்த வீடு கேட்டது இரண்டு பிறைகள். கஸ்தூரியின் கணவன் ஏகாம்பரம் காற்றாலை ஏணியிலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வீடு மூன்றாம் மாடியில்; லிஃப்ட் கிடையாது. படியேறும் நாற்காலிக்கு வேண்டிய மோட்டாரும் சக்கரங்களும் எப்போதோ வந்து கட்டிலுக்கடியில் கிடந்தன. பக்கத்துக்கு ஒன்றாகப் பிறை வடிவில் இரண்டு தாங்கிகள் மட்டும் வரவில்லை. துண்டுகளைப் பற்றவைத்துச் செய்தால் படியில் இறங்கும்போது விட்டுவிடும் என்று மருத்துவமனையில் மறுத்துவிட்டார்கள்.

"அண்ணே, இன்னிக்கும் வரலையே," என்றாள், மென்பொருளைக் கவனிக்கும் முனிரத்தினத்திடம்.

"நானும் பாத்தேம்மா. அந்தப் பிறையை எங்க வெச்சாலும் அது வயித்துக்குள்ள ஒரு பள்ளம் விழுது. அதை ரொப்பறதுக்குத் தோதா யாரும் எதுவும் கேக்கல. அடுக்கி அதைத் தள்ளித் தள்ளி வெக்குது."

"பதினாலு மாசம் ஆச்சுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தேதி தெரியும். ஆனா கணக்குல காத்திருக்கறதுக்கு எடை இல்ல. மிச்சத்துக்கு மட்டும்தான் எடை. அதை மாத்தற சாவி என்கிட்ட இல்லம்மா, தலைநகரத்துல இருக்கு." சற்றுத் தயங்கி, "மாற்று வடிவம் காட்டுதே, அதை ஒத்துக்கலாமே?" என்றார்.

மாற்று வடிவம் நேரான இரண்டு சட்டங்கள். அதை வைத்து அறைக்குள் உருளலாம். படி இறங்க முடியாது.

ஏகாம்பரம் அறையில் ஜன்னல் பக்கம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். ஜன்னலுக்கு நேரே அடுத்த கட்டடத்தின் சுவர். அதில் எத்தனை செங்கல் வரிசை என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது குறுகலான திருப்பத்தில் முதுகு இடித்து இரண்டு நாள் மயக்கம். அதற்குப் பிறகு அவன் யாரையும் தூக்க விடவில்லை.

முனிரத்தினம் சொன்னதை அன்று மாலை கஸ்தூரி அவனிடம் சொன்னாள்.

"பள்ளத்தை ரொப்ப யாரும் கேக்கலன்னா, நாம கேக்க வெச்சா?" என்றான் அவன்.

பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு பிறைகளை வெட்டித் தரையில் வைத்தாள். அவன் கட்டிலிலிருந்து குனிந்து கைகாட்ட, அவள் நகர்த்தினாள். கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் பேசி, பிறையின் வயிற்றில் உட்காரும்படி இரண்டு வட்டத் தட்டுகளைக் கேட்க வைத்தார்கள். மூன்றாம் நாள் திரையில் அந்தத் தட்டுகள் வந்தன. ஆனால் பிறைகள் இல்லாத வேறு தகட்டில், யாருடைய பம்பு மூடிகளுக்கோ இடையில். இரண்டு வீடுகளின் ஒரு வருடம் அப்படியே போயிற்று. கஸ்தூரி அந்தத் தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர்கள் வாங்கி வைத்துவிட்டு அவளுக்கு டீ கொடுத்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஏகாம்பரம் இரண்டு நாள் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். மூன்றாம் நாள் சொன்னான்: "நல்ல வடிவத்தைக் கேட்டோம், அதான் அதுக்கு வேற இடம் கெடச்சிடுச்சு. நம்ம துண்டு உலகத்துல வேற எங்கயும் பொருந்தக் கூடாது, கஸ்தூரி. என்னோடதை விடக் கோணலா இருக்கணும்."

அதற்கு இன்னும் ஆறு வீடுகள் வேண்டும். ஐந்து வீடுகள் யோசித்துச் சம்மதித்தன. ஆறாவது எதிர்வீட்டு ஜமீலா. அவள் வீட்டுக் கதவின் அடிப்பக்கம் உளுத்துப்போய் எலி நுழைந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு தகடு கேட்க வருடம் முழுக்கக் காத்திருந்தவள்.

"நான் கேக்கறது எனக்கு எதுக்குமே ஆவாதா?" என்றாள் ஜமீலா.

"ஆவாதுக்கா. கொம்பு மாதிரி, பல்லு மாதிரி ஏதோ ஒண்ணு வரும்."

ஜமீலா உளுத்த கதவைப் பார்த்தாள். "தம்பி குரல் கேட்டே எத்தனை நாளாச்சு. முன்னல்லாம் படியில இறங்கும்போதே பாடிட்டுப் போவான். சரி, எழுதிக்க."

ஆறு வேண்டுகோள்களையும் ஒரே நாளில் கொடுத்தார்கள். இருபத்தாறு நாள் எதுவும் நடக்கவில்லை. இருபத்தேழாம் நாள் காலையில் கஸ்தூரி திரையைப் பார்த்தபடி கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஐந்தாம் தகட்டில் இரண்டு பிறைகள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. வயிற்றிலும் முதுகிலும் அந்தக் கோணல் துண்டுகள். மூலைகளில் ஊராரின் கீல்கள். வெட்டி முடித்து எச்சத்தை நிறுத்தாள். அரை விழுக்காடுகூட இல்லை. தராசு பழுதாகிவிட்டதோ என்று முனிரத்தினம் தானே வந்து மறுபடி நிறுத்தார்.

அடுத்த வாரம் ஏகாம்பரம் படி இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் பிறை நாற்காலியைத் தாங்கிப் பிடித்து அடுத்ததில் வைத்தது. நாற்காலி தெருவுக்கு வந்து வெயிலில் நின்றது. அவன் கைகளை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். ஜமீலா மாடியிலிருந்து கை தட்டினாள்.

ஒரு மாதம் கழித்துத் தலைநகரத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முனிரத்தினம் அதைக் கஸ்தூரியிடம் நேரடியாகக் கொடுக்கத் தயங்கி, மேசையில் வைத்தார். ஐந்தாம் தகடு நாட்டிலேயே மிகக் குறைந்த மிச்சம் கண்ட தகடு என்று அதில் இருந்தது. வேண்டுகோள்களைத் திட்டமிட்டால் மிச்சமே இல்லாமல் செய்ய முடியும் என்று அது நிரூபித்துவிட்டதாம். இனி எந்த வீடு எந்த வடிவத்தைக் கேட்க வேண்டும் என்பதை வடிவடுக்கியே அறிவிக்கும். திட்டத்தின் பெயர் வேண்டுகோள் வழிகாட்டல். இறுதியில் கூடத்தின் ஊழியர்களுக்கு ஒரு வரிப் பாராட்டு.

"நாம என்னண்ணே பண்ணிட்டோம்," என்றாள்.

"நீ உன் வீட்டுக்காரனை வெளிய கொண்டாந்தே. அடுக்கி பாத்தது அதையில்ல. எச்சத்தை மட்டும் பாத்துது."

செய்தி தெரிந்த நாளிலிருந்து ஏகாம்பரம் கீழே இறங்கவில்லை. நாற்காலி படிக்கட்டின் உச்சியில் நின்றது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பான். தெருவில் எல்லோரும் அந்தப் பிறைகளையே பார்ப்பதாக அவனுக்குப் பட்டது. ஒன்பதாம் நாள் ஜமீலா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"நான் ராத்திரியெல்லாம் எலி வெரட்டறது நீ இந்தச் சுவத்தைப் பாத்துட்டு உக்காரவா? நான் குடுத்தது படியில ஓடணும். கெளம்பு."

"அக்கா, ஊருக்கே என்னால…"

"ஊரை அப்புறம் பாரு. மொதல்ல எறங்கு."

அவன் இறங்கினான். பாடவில்லை. ஆனால் தினமும் இறங்கினான்.

மறு ஆண்டு, வழிகாட்டலின் முதல் தகடு வெட்டப்பட்ட அன்று எச்சம் என்று எதுவும் விழவில்லை. வெட்டுக்கோட்டின் தூள் மட்டும் தட்டில் கறுப்பாகப் படிந்திருந்தது. கஸ்தூரி வீட்டு எண்களைக் கூப்பிட்டுத் துண்டுகளைக் கொடுத்தாள். மக்கள் வரிசையில் வந்து வாங்கினார்கள். சிலர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் சத்தம் போடவில்லை. மறுத்தால் அடுத்த ஆண்டு வேண்டுகோளே கிடையாது என்று எழுதி ஒட்டியிருந்தது.

ஜமீலாவின் முறை வந்தது. அவளுக்கு ஏழு மூலை கொண்ட ஒரு துண்டு. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது.

"இதை வெச்சு என்ன செய்ய?"

"தெரியலக்கா."

ஜமீலா துண்டைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "பரவால்ல. இந்தத் தகட்டுலயும் நம்ம தம்பி மாதிரி யாராவது இருப்பாங்க இல்ல? நாங்க எல்லாம் சுத்தி நின்னது யாருக்காகன்னு பாத்துச் சொல்லு."

கஸ்தூரி திரையைத் திரும்பிப் பார்த்தாள். நூற்றிருபது வடிவங்கள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே ஒன்றையொன்று நிரப்பிக்கொண்டிருந்தன. கீல் இல்லை, தட்டு இல்லை, நாற்காலிக் கால் இல்லை. யாராவது தனக்கு வேண்டும் என்று கேட்ட ஒன்றுகூட அந்தத் தகட்டில் இல்லை.

"சொல்லு, யாருக்கு?"

"ஒருத்தர் இருக்காருக்கா," என்றாள் கஸ்தூரி. "நடுவுல. ரொம்ப நாளா காத்துட்டிருந்தவர்."

ஜமீலாவின் முகம் தெளிந்தது. துண்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். கஸ்தூரி அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.