வந்த அன்றே வழியனுப்பு

நெப்டியூனின் ட்ரைட்டன் நிலவில் கப்பல் வந்திறங்கும் நாள்தான் வழியனுப்பு விழா நாள். அன்றும் அப்படித்தான். உறைதுயில் பேழையிலிருந்து எழுந்து, கால் மரத்துப்போய்த் தடுமாறி நின்ற லான்ஸ் நாயக் தணிகைமலையின் கழுத்தில் பிளாஸ்டிக் சாமந்தி மாலை விழுந்தது. கையில் ஒரு கிண்ணம் கேசரி. முகாம் தலைவர் கர்னல் மங்கையர்க்கரசி, அவன் ஆற்றிய அரும்பணிக்கு நாடு நன்றி சொல்வதாக வாசித்தார்.

அவன் இன்னும் ஒரு பணியும் ஆற்றவில்லை.

பூமியில் பேழைக்குள் படுத்தபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. அதற்குக் கீழே யாரையும் விண்பயணத்துக்கு எடுப்பதில்லை. பயணம் பத்தொன்பது ஆண்டுகள். உறைதுயிலில் உடலுக்கு வயது ஏறாது. புறப்பட்ட அன்று கன்னத்தில் இருந்த பரு இன்னும் ஆறவில்லை. ஆனால் தூங்கும் காலமும் பணிக்காலமே என்று, சிப்பாய்களின் நன்மைக்காகவே விதி செய்திருந்தார்கள். கீழ்நிலை வீரனுக்கு நாற்பத்திரண்டில் கட்டாய ஓய்வு. படை இளமையாக இருக்க வேண்டுமல்லவா? அதிகாரிகளுக்கு அறுபதுவரை கவலையில்லை. அவர்கள் இரண்டே ஆண்டில் வந்து சேரும் விரைவுக்கலத்தில் வருவார்கள். அதில் இருக்கைகள் குறைவு.

ஆகவே அந்த முகாமில் சிப்பாய் என்று ஒருவரும் கிடையாது. கேப்டன்கள் கழிப்பறை கழுவினார்கள். மேஜர் ஜெபஸ்டின் சமைத்தார். ஐம்பத்தெட்டு வயது கர்னல், முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, பனிச்சுரங்க வாசலில் பாரா நின்றார். தொலைக்கோள் குடியிருப்புகளின் குடிநீரெல்லாம் அந்தச் சுரங்கத்திலிருந்துதான் போகிறது. திருட வருகிறவர்களும் உண்டு.

தணிகைமலை சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்தான்.

"வைடே அதை! பென்ஷன்காரன்கிட்ட வேலை வாங்கினா என்னைத்தான் கேப்பாங்க" என்றார் மேஜர். "கேசரியைத் தின்னுட்டுப் படு. நாளைக்குக் கப்பல்."

"பத்தொன்பது வருஷமா படுத்துட்டுத்தான் சார் வந்தேன்."

மேஜர் சிரித்துவிட்டார். தணிகைமலை சிரிக்கவில்லை. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் அவனுடையது. ஐந்து தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய வீடு. பனிமலையில் விரலை இழந்தவர் உண்டு, பாலைவனத்தில் கண்ணை இழந்தவர் உண்டு. எல்லையில் நிற்காமல் திரும்பியவர் ஒருவரும் இல்லை. அப்படித் திரும்பும் முதல் ஆள் அவனாகப் போகிறான்.

கர்னலிடம் போனான். "மேடம், ஒரே ஒரு பாரா. நின்னுட்டுப் போயிடறேன்."

"ஓய்வு பெற்றவன் கையில துப்பாக்கி குடுத்தா என் பதவி போயிடும்பா" என்றார் அவர். பாரா முடிந்து வந்த களைப்பில் பூட்ஸைக் கழற்றக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் தலைமையகத்தின் ஆணை வந்தது. சிப்பாய் வேண்டும் என்று கர்னல் எழுதிய நூறு கடிதங்களுக்கும் ஒரே பதில். வாசல் காவல் இனித் தனியார் நிறுவனத்துக்கு. அதன் இயக்குநர்கள் ஓய்வு பெற்ற ஜெனரல்கள். அந்தப் பதவிக்கு வயது வரம்பில்லை. காவலாளி முன்னாள் படைவீரனாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சம்பளம். துப்பாக்கி கிடையாது. நீலச் சட்டையும் விசிலும் தரப்படும்.

காற்று என்று சொல்லத்தக்க காற்றே இல்லாத வெளியில் விசில்!

கர்னல் அதை அவனிடம் சொல்லக் கூசினார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"வாட்ச்மேன் வேலைப்பா. உன் குடும்பத்துக்கு இது மரியாதை இல்ல."

"எங்க வீட்டுல சட்டை என்ன கலருன்னு கேக்க மாட்டாங்க மேடம். நின்னியான்னுதான் கேப்பாங்க."

"துப்பாக்கி இல்லாம என்ன செய்வே?"

"என்னைத் தாண்டித்தானே போகணும்?"

விண்ணுடைக்கு மேல் நீலச் சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு போனான். நெப்டியூன் தலைக்கு மேல் தொங்க, கறுத்த பனியில் காலூன்றி, முதுகு வளையாமல் நின்றான். இத்தனை நேர்த்தியான காவலை அந்த வாசல் அதுவரை கண்டதில்லை. கர்னல் சாளரத்தருகே வந்து, தன்னையறியாமல் சல்யூட் அடித்தார்.

பிறகு விளக்கை அணைத்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பணியில் இருந்தவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஓய்வு பெற்றவன் காவல் நின்றான்.