சிருதையின் சுவர்

"சேச்சி, என் அம்மா முகத்துல சுண்ணாம்பு அடிச்சிட்டானுங்க. அடிச்சது என் புருஷன்தான்னு அவரை ஸ்டேஷன்ல பிடிச்சு வெச்சிருக்காங்க."

வேலைக்குப் புறப்பட்ட கோலத்திலேயே ஓடி வந்திருந்தாள் ஜிஷா. துப்புரவுச் சீருடை, கையில் தென்னந்துடைப்பம். காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற வத்சலா குடித்துக்கொண்டிருந்த கட்டன் சாயாவைக் கீழே வைத்தார்.

"உட்காரு. ராஜீவனையா சந்தேகப்படறாங்க?"

"அவர் கட்சிக்குச் சுவர் எழுதறவர் இல்லியா? சுவர்ல அவங்க கட்சி பேரு இருக்காம். இன்னிக்குப் பத்து மணிக்கு அம்மா கேஸை விசாரிக்க ஆபீசர் வர்றாங்க. சுவர்ல வரைஞ்சிருந்த அம்மா படம்தான் எங்களுக்கு இருந்த ஒரே தைரியம்."

ஜிஷாவின் அம்மா சிருதையை எங்கள் உப்புத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். கோழிக்கோடு நகரசபை வார்டுக்கு ஒரு சுவர் ஒதுக்கி, யாரை வரையலாம் என்று மக்களையே கேட்டது. மற்ற வார்டுகள் யானையையும் படகையும் கேட்டன. நாங்கள் சிருதையைக் கேட்டோம். தெருவைப் பெருக்கிக்கொண்டே வந்தவள், உடைந்த சாக்கடை சிலாப் வழியாக உள்ளே விழுந்து செத்தாள். அவள் செத்த பிறகும் அந்த சிலாப்பை மாற்ற ஒருவனுக்கும் மனம் வரவில்லை. ஓட்டையில் முருங்கைக் கிளையை நட்டு, சிவப்புத் துணி கட்டி, நாங்களே காவல் காத்தோம். ஓவியர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவளையும், உடைந்த சிலாப்பையும், கிளையையும் அப்படியே வரைந்தார். சாக்கடை காண்டிராக்டர் சுகதன் மட்டும், சிலாப்பை முன்பே மாற்றிவிட்டதாகவும், அவள் மயங்கி விழுந்ததாகவும் எழுதிக் கொடுத்திருந்தார். வார்டு ஓவியக் குழுவுக்குத் தலைவரும் அதே சுகதன்தான். வெட்கக்கேடு.

நஜீபின் ஆட்டோவில் வத்சலா வந்து இறங்கியபோது, சுவரைச் சுற்றிக் கூட்டம். சுவர் முழுக்க ஒரே வெள்ளை. ஓரத்தில் கட்சியின் பெயரும், 'புக் பண்ணியாச்சு' என்ற எழுத்தும்.

"மாமியார் முகத்தையே மருமகன் அழிச்சிருக்கான்," என்றார் சுகதன், சலவை வேட்டி மடிப்புக் கலையாமல். "இந்தத் தெருவுக்கு எதுக்குங்க ஓவியம்? சுவரை விளம்பரத்துக்கு விட்டுடலாம்னு சொல்லிட்டேன்."

"வாயை மூடுங்க," என்றாள் ஜிஷா.

வத்சலா சுவரை நகத்தால் சுரண்டினார். வெள்ளை செதிலாக உதிர்ந்தது. பிறகு குனிந்து, சாக்கடை சிலாப்களைப் பார்த்தபடியே கோடிவரை நடந்து திரும்பினார்.

நஜீபுக்குப் பொறுக்கவில்லை. "சேச்சி, எல்லாரும் சுவரைப் பாக்கறாங்க, நீங்க தரையைப் பாக்கறீங்க. ஆமா, இங்க நட்டிருந்த கிளை எங்க? ஓட்டையும் காணோமே. நேத்து பாத்தேனே."

"கனவு கண்டிருப்பே," என்றார் சுகதன்.

விசாரணை அதிகாரி லீனா ஜீப்பிலிருந்து இறங்கினார். வத்சலா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நஜீபிடம் திரும்பினார்.

"நம்ம ஊர்ல கட்சிக்காரங்க சுவரை எப்படிப் பிடிப்பாங்க?"

"அது குழந்தைக்கும் தெரியுமே. தேர்தலுக்கு எத்தனையோ மாசம் முன்னாடியே ஓரத்துல பேரை எழுதி புக் பண்ணிடுவாங்க. வேட்பாளர் யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் சுண்ணாம்பு. இப்பவே அடிச்சா மழை தின்னுட்டுப் போயிடும்."

"இதுல பாரு, முதல்ல சுண்ணாம்பு, அது மேல புக்கிங். அதுவும் ஓவியத்தோட பிளாஸ்டிக் பெயின்டைச் சுரண்டாமலே அடிச்சிருக்கு, ஒட்டவே இல்லை. சுவர் எழுதறவன் இந்த ரெண்டு தப்பையும் செய்ய மாட்டான். சுவர் எழுதறவன் மேல பழியைப் போட நினைச்சவன்தான் செய்வான்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வத்சலா சுகதனிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"இந்த நடு சிலாப் எப்போ போட்டது, சார்?"

"சிருதை விழறதுக்கு முன்னாடியே. பாசி பிடிச்சிருக்கு பாருங்க. இவங்க போன்ல வெச்சிருக்கிற போட்டோ எல்லாம் அதுக்கும் முந்தினது. அந்த ஓவியமும் கற்பனை."

"அப்போ நேத்து ராத்திரியும் இங்கதான் இருந்தது?"

"பின்னே, சிலாப்புக்கு என்ன, றெக்கையா இருக்கு?"

"மேடம், கேட்டுக்குங்க," என்றார் வத்சலா. "சுவர்ல அடிச்ச சுண்ணாம்பு இந்தப் பக்கத்து சிலாப்லயும் சொட்டியிருக்கு, அந்தப் பக்கத்து சிலாப்லயும் சொட்டியிருக்கு. நடுவுல இதுல மட்டும் ஒரு சொட்டு இல்லை. சுண்ணாம்பு என்ன, ஆள் பார்த்தா விழும்?"

சுகதன் வேட்டியை மடித்துக் கட்டினார். "யாராவது கழுவியிருப்பாங்க."

"இருக்கலாம். தூக்கிப் பார்த்துடுவோம்."

நான்கு பேர் கடப்பாறை போட்டு நெம்பினார்கள். சிலாப் உட்காரும் விளிம்பில் வெள்ளைச் சொட்டுகள் நசுங்கிக் கிடந்தன. கீழே சாக்கடையில் உடைந்த சிலாப்பின் துண்டுகள். அவற்றின் மேல் முருங்கைக் கிளை. அதில் கட்டிய சிவப்புத் துணியில் சுண்ணாம்பு தெறித்திருந்தது.

"படத்தை மறைச்சப்போ இங்க ஓட்டைதான் இருந்தது," என்றார் வத்சலா. "அப்புறம்தான் உடைஞ்சதை உள்ளே தள்ளிட்டு, வேற எங்கேயோ கிடந்த பழைய சிலாப்பைக் கொண்டுவந்து மூடியிருக்காங்க. நகரசபை சாக்கடை சிலாப்பைப் பெயர்த்து எடுத்துட்டு வர வண்டியும் ஆளும் ராஜீவன்கிட்ட இல்லை. உங்ககிட்ட இருக்கு, சார்."

"அவ உயிரோட இருந்தப்போ போட முடியலியா இந்த சிலாப்பை?" என்று கேட்டாள் ஜிஷா. "ஒரு ராத்திரி வேலைதானே? என் அம்மாவுக்காகப் போட முடியாததை, உன் தலை தப்பணும்னா மட்டும் போட முடியுதா?"

சுகதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகப் பார்த்தார். யாரும் வழி விடவில்லை. லீனா போனை எடுத்து ஸ்டேஷனை அழைத்தார். ராஜீவனை விடச் சொன்னார், இங்கே ஆள் அனுப்பச் சொன்னார்.

ஜிஷா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. குழாயடியிலிருந்து வாளியை நிரப்பி வந்து சுவரில் வீசினாள். துடைப்பத்தால் தேய்த்தாள். சீருடை போட்ட மற்றப் பெண்களும் துடைப்பங்களோடு சேர்ந்துகொண்டார்கள். பிடிப்பில்லாத சுண்ணாம்பு பால்போல் வழிந்து சாக்கடைக்குள் போனது. முதலில் சிவப்புத் துணி தெரிந்தது, பிறகு உடைந்த சிலாப், பிறகு துடைப்பம் பிடித்த கை. கடைசியில் முகம்.

நனைந்த கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு ஜிஷா அதிகாரியிடம் திரும்பினாள்.

"எழுதிக்குங்க மேடம். என் அம்மாவுக்கு மயக்கம் வரலை."