இரட்டைப் பாறையில் இரண்டு வடக்கு

இரட்டைப் பாறைமேல் நின்று கோகிலவாணி திசைகாட்டியைப் பிடித்தபோது முள் ஓடைப் பக்கம் காட்டியது. அதே திசைகாட்டியை ஜெபசீலன் வாங்கிப் பிடித்தான். முள் மெல்லத் திரும்பி மூங்கில் புதரைக் காட்டியது!

"குடுடா இங்க!" என்று பிடுங்கினாள் கோகிலா. முள் மறுபடியும் ஓடைக்கே போனது.

"ஒரு காட்டுக்கு ரெண்டு வடக்கா?" என்று வாயைப் பிளந்தான் ரஹ்மத். "பாறைக்குள்ள இரும்பு ஏதாச்சும் கெடக்குதோ?"

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னுதானே பார்த்தோம்? பாறையில கோளாறுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே காட்டும்?" என்றாள் கோகிலா.

ஜெபசீலன் சிரித்தான். "அப்போ கோளாறு உன்கிட்டத்தான்."

கோகிலாவுக்குச் சுருக்கென்றது. திசைகாட்டி எனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் அவள். பள்ளி மைதானத்தில் நடந்த பயிற்சியில் ஒருமுறைகூடத் தவறவில்லை. இங்கே முதல் நடையிலேயே எல்லாரையும் ஓடையில் இறக்கிவிட்டாள். மூவரும் முழங்கால்வரை நனைந்து, பாறைக்கே திரும்பியிருந்தார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து அவர்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுக்கு ஒருநாள் வால்பாறை மலைமேல் உள்ள இந்த மழைக்காட்டுக்கு வரும். ஏழு ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் அணி, மூடிபோட்ட ஒரு தூக்குப்போசியைக் காட்டுக்குள் ஒளித்துவைத்து வரைபடமும் வரைந்து கொடுத்தது. அதைக் கண்டுபிடிக்கும் அணி உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். தன் பங்குக்கு ஒரு பொருளும் வைக்க வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளாக வந்த அணிகள் வெறுங்கையோடு திரும்பின. இந்த ஆண்டோ கடைசி வாய்ப்பு. இருவாச்சிப் பறவைகள் கூடு வைக்கும் இடம் என்பதால், அடுத்த ஆண்டிலிருந்து இந்தத் தடத்தை மூடப் போகிறார்கள். இன்று கிடைக்காவிட்டால் தூக்குப்போசி காட்டுக்கே சொந்தம்!

வரைபடத்தில் எழுதியிருந்தது ஒரே வரிதான்: 'இரட்டைப் பாறையில் நின்று நேர் வடக்கே இருநூறு எட்டு. பலகை வேர் மரம்.'

பின்னால் வனக்காவலரோடு நின்ற மீனலோசினி மிஸ் கடிகாரத்தைக் காட்டினார். "மணி பன்னெண்டே கால். ஒரு மணிக்கு விசில் அடிப்பேன். அப்புறம் மழை வந்துரும், ஒரு நிமிஷம்கூட நிக்க முடியாது."

"சரிங் மிஸ்!"

"நேரா என் வழியில போலாம் வாங்க" என்று கிளம்பினான் ஜெபசீலன்.

"நில்லுடா! உன் கையில சரியாக் காட்டுதுன்னு எப்படித் தெரியும்?" என்று மறித்தாள் கோகிலா. "ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு தெரியாம நடந்தா மறுபடி இருநூறு எட்டு தண்டம்."

சூரியனைப் பார்க்கவும் வழியில்லை. மேலே இலைகள் கூரை வேய்ந்ததுபோல் மூடிக்கிடந்தன. அந்தக் கூரைக்கு மேல் மேகம்.

கோகிலா ஒரு கணம் யோசித்தாள். பிறகு திசைகாட்டியைப் பாறையின்மேல் வைத்தாள். "எல்லாரும் பத்து எட்டு தள்ளிப் போங்க. ஒவ்வொருத்தரா வந்து பார்ப்போம்."

முதலில் ரஹ்மத் வந்தான். முள் அசையவில்லை. ஜெபசீலன் வந்து குனிந்தான். முள் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாகக் கோகிலா வந்தாள். அவள் குனிந்ததும் முள் நடுங்கி, ஓடைப் பக்கம் திரும்பியது!

"உன்னைக் கண்டா முள்ளுக்கே பயம், புள்ள!" என்று கைதட்டினான் ரஹ்மத்.

கோகிலாவின் முகம் சிவந்தது. ஆனால் அவள் பின்வாங்கவில்லை. "சரி, நான்தான். என்கிட்ட இருக்கறதுல எதுன்னு பார்ப்போம்."

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். முள் திரும்பியது. தலையிலிருந்த கிளிப்புகளை உருவினாள். அப்போதும் திரும்பியது. எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போனது, குடையும் போனது. முள் விடாப்பிடியாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.

"இரும்பு எல்லாம் போச்சே!" என்ற ஜெபசீலன், "ஐயோ, அட்டை! கோகிலா, உப்பு!" என்று ஒற்றைக்காலில் குதித்தான். நின்ற இடத்தில் அட்டைகள் ஏறிவிடும். அதுதான் இந்தக் காட்டின் வழக்கம்.

திசைகாட்டி பிடிப்பவரே உப்பும் சுமக்க வேண்டும் என்பது அணிகளின் வழக்கம். உப்புக்கென்று பள்ளியில் அணிக்கு அணி கைமாறி வந்த பிளாஸ்டிக் பென்சில் பெட்டி கோகிலாவின் கழுத்தில் நாடாவோடு தொங்கியது. அதைக் கழற்றி அவனிடம் வீசினாள். அவன் உப்பைத் தூவிவிட்டு மூடியைச் சாத்தினான்.

'டக்!'

தானாகவே ஒட்டிக்கொண்டது மூடி.

கோகிலா சட்டென்று பாறைப் பக்கம் திரும்பித் திசைகாட்டியின்மேல் குனிந்தாள். ஆனாலும் முள் மூங்கிலைக் காட்டியது!

"காந்த மூடி! பிளாஸ்டிக்குன்னு விட்டுட்டோமே, உள்ள காந்தம் இருக்குடா!"

திசைகாட்டியின் முள்ளும் ஒரு குட்டிக் காந்தம்தான். பூமி என்கிற பெரிய காந்தத்தின் இழுப்புக்கு அது வடக்கே திரும்புகிறது. ஆனால் அந்த இழுப்பு மிக மெலிது. ஊர்க்கோடியில் பாடும் மைக் செட்டைவிடக் காதோரக் கொசு பெரிதாகக் கேட்பதில்லையா? அப்படித்தான் நெஞ்சில் தொங்கிய சின்னக் காந்தம், பூமியை வென்றுவிட்டது. மைதானத்தில் அட்டை இல்லை. அதனால் உப்பும் இல்லை. அங்கே தவறு நேராததன் காரணம் அதுவே.

"அப்போ மூங்கில்தான் வடக்கு" என்றான் ஜெபசீலன். திசைகாட்டியை எடுத்து அவள் கையிலேயே வைத்தான். "நீயே பிடி. பெட்டி என்கிட்ட. நான் இருபது எட்டு பின்னாடியே வர்றேன்."

மணி பன்னிரண்டு நாற்பது!

ரஹ்மத் எண்ணினான், கோகிலா நடந்தாள். மூங்கிலைச் சுற்றி வளைந்து, மறுபடி முள்ளைப் பார்த்து நேர்கோட்டைப் பிடித்தார்கள். பாசி படர்ந்து விழுந்துகிடந்த மரத்தின்மேல் தவழ்ந்து கடந்தார்கள். தலைக்குமேல் ரயில் போவதுபோல் 'வுஷ், வுஷ்' என்று ஓர் ஓசை. இருவாச்சி ஒன்று இறக்கையடித்துப் போனது!

"நூத்தித் தொண்ணூத்தாறு... தொண்ணூத்தேழு..."

ரஹ்மத்தின் எண்ணிக்கை நின்றுவிட்டது. எதிரே, ஆள் உயரப் பலகைகளை நிறுத்தி வைத்ததுபோல் வேர்களை விரித்து நின்றது ஒரு ராட்சத மரம். இரண்டு வேர்களின் இடுக்கில், காய்ந்த இலைகளுக்கடியில், பச்சைக் களிம்பேறிய பித்தளைத் தூக்குப்போசி!

"மிஸ்! கெடைச்சிருச்சு!"

உள்ளே பிளாஸ்டிக் உறையில் நோட்டு, ஒரு கோலிக்குண்டு, ஒரு பம்பரம், சலங்கையின் ஒற்றை மணி. கோகிலா கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டினாள். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. அதை உரக்கப் படித்தாள்:

'எங்கள் உப்புத் துணிப்பை கிழிந்துவிட்டது. அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு என் பென்சில் பெட்டியைப் பரிசாகத் தருகிறேன். மூடி தானாக மூடிக்கொள்ளும், உப்பு நனையாது! சுகந்தி, 9-ஆ.'

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தவன் ஜெபசீலன்தான்.

"பாவம் சுகந்தியக்கா! பாசமாத்தான் குடுத்திருக்குது. ரெண்டு வருஷமா ரெண்டு அணி ஓடையில குளிச்சிருக்கு!"

"நான் பண்ணுன தப்புன்னு நெனச்சுட்டே இருந்தேன்" என்றாள் கோகிலா மெதுவாக.

"நாங்களும்தான் நெனச்சோம்" என்றான் அவன். "மன்னிச்சுக்க, புள்ள."

ரஹ்மத் தன் கிரிக்கெட் பந்தைப் போசிக்குள் வைத்தான். மழையின் முதல் துளி இலைக்கூரையில் தட்டியது. மிஸ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, இன்னும் ஊதாமல் காத்திருந்தார். மூன்று பெயர்களையும் எழுதிய கோகிலா, அடியில் வேகமாகச் சேர்த்தாள். இந்தத் தடம் மறுபடி திறக்கும் நாளில் யாராவது வருவார்கள் அல்லவா?

'முள் பொய் சொன்னால் திசைகாட்டியைப் பாறையில் வைத்துவிட்டு எல்லாரும் தள்ளிப் போங்கள். ஒவ்வொருவராக, ஒவ்வொரு பொருளாக அருகே கொண்டுவந்து பாருங்கள். எது வரும்போது முள் திரும்புகிறதோ, அதைத் தூரமாக வையுங்கள். பிறகு நடங்கள். உப்பைத் துணிப்பையில் கொண்டுவாருங்கள்.'